அரையிருட்டில் ஓடுகிறவர்களுக்கு

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேலை முடிந்து வீடு வந்து சேர இரவு எட்டாகிறது. காலையில் ஐந்தரைக்கு எழுந்தாலும் வெளியே கும்மிருட்டு. தேசிய சேவையாளர்களுக்கான உடற்தகுதித் தேர்வு, ஐபிபிடி, நெருங்குகிறது, அதில் 2.4 கிலோமீட்டர் ஓட்டம்தான் எப்போதும் காலை வாருகிறது. இருட்டில் ஓடிப் பழகலாமா, என்னென்ன ஆபத்து, நெற்றியில் கட்டும் ஹெட்லாம்ப் வாங்க வேண்டுமா, வேண்டவே வேண்டாம் என்கிற அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? இதுதான் கேள்வி.

ஓடலாம். சொல்லப்போனால், இங்கே வேலைக்குப் போகிறவருக்கு வார நாளில் வேறு வழியே கிடையாது. நாம் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 104 டிகிரிக்குப் பக்கத்தில். கணக்குப்படி கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரம்தான் முன்னால் இருக்க வேண்டும். ஆனால் மலேசியாவோடு சேர்ந்து 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணி நேரம் முன்னால் வைத்திருக்கிறோம். அதனால்தான் உச்சி வெயில் ஒரு மணி வாக்கில் வருகிறது, சூரியனும் ஏழு மணிக்கு எழுந்திருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் 6.46, பிப்ரவரி நடுவில் 7.16, வருஷம் முழுக்க அந்த அரை மணிக்குள்தான் ஆட்டம். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஆறரை மணி இருட்டு முதலில் நம்பவே முடியாததாக இருக்கும். மாலையிலும் அந்திப்பொழுது என்று நீட்டி ரசிக்க ஒன்றும் இல்லை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் சாய்ந்து இறங்குவதில்லை, நேராக விழுகிறது. மறைந்த இருபது இருபத்தைந்து நிமிடத்தில் ராத்திரி ஆகிவிடும். ஆறே முக்காலுக்கு வெளிச்சத்தில் கிளம்பியவர் பாதி ஓட்டத்தில் இருட்டில் இருப்பார், விளக்கு எடுத்துக்கொண்டும் வந்திருக்க மாட்டார்.

சரி, ஆபத்துக்கு வருவோம். முழு இருட்டைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டேன். முழு இருட்டில் யாரும் வேகமாக ஓடுவதில்லை, காலே பயந்து பயந்துதான் வைக்கும். இந்த ஊரில் ஆளைத் தள்ளிவிடுவது அரையிருட்டு. அதாவது, விளக்கு இருக்கிறது, நமக்கு எல்லாம் தெரிகிறது என்ற நினைப்பும் இருக்கிறது, ஆனால் பாதிதான் தெரிகிறது.

கண் வேலை செய்யும் விதம் தெரிந்தால் இது புரியும். விழித்திரையில் பகலுக்கும் நிறத்துக்கும் கூம்புச் செல்கள், மங்கிய வெளிச்சத்துக்குக் குச்சிச் செல்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கூம்புச் செல்கள் பத்து நிமிடத்துக்குள் தங்களால் முடிந்த அளவுக்குப் பழகிவிடும். குச்சிச் செல்கள் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அவற்றில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சத்தில் வெளுத்துப்போய், இருட்டில் மெல்ல மெல்லத் திரும்பச் சேர வேண்டும். அப்படிச் சேர்ந்ததைக் கெடுக்கச் சில வினாடி போதும். எதிரே வரும் காரின் விளக்கு, பேருந்து நிறுத்தத்தின் விளம்பரப் பலகை, மணி பார்க்க எடுத்த கைபேசி, ஏதாவது ஒன்று. காட்டுக்குள் ஓடுகிறவருக்குக் கண் பழகிவிடும். அடுக்குமாடிகளுக்கு நடுவே ஓடுகிறவருக்கு இந்த ஊர் பழகவே விடாது. ஒரு விளக்கு, அப்புறம் தூங்குமூஞ்சி மரத்தின் நிழல், அப்புறம் இன்னொரு விளக்கு. எல்இடி விளக்கு வெள்ளையாக, பளிச்சென்று அடிக்கிறது, நல்லதுதான். ஆனால் வெளிச்சத் திட்டு எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ, அதன் ஓரம் அவ்வளவு கறுப்பு. வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் நுழையும் முதல் நாலைந்து எட்டு, கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டு வைக்கிற எட்டுதான்.

ஆகவே பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது "அங்கே வெளிச்சம் இருக்கிறதா" என்று மட்டும் பார்க்காதீர்கள். வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்ச்சியாக மங்கலாக இருக்கும் பாதை, விட்டு விட்டுப் பளிச்சிடும் பாதையைவிட எவ்வளவோ மேல். மரநிழலுக்குள் நுழையுமுன் நடையைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. எட்டைக் குட்டையாக்கி, காலைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் போதும். நீண்ட எட்டு வைத்துத் தடுக்கினால் உடல் முன்னால் போய்விடும். குட்டை எட்டில் தடுக்கினால் அடுத்த கால் வந்து தாங்கிக்கொள்ளும்.

இன்னொன்று. விழித்திரையின் நட்டநடுவில் குச்சிச் செல்களே கிடையாது. அதனால் மங்கிய இடத்தில் ஒரு பொருளை உற்றுப் பார்த்தால் அது காணாமல் போகும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் திரும்பி வரும். வானத்தில் மங்கலான நட்சத்திரம் தேடுகிறவர்களுக்கு இது தெரியும். ஓடுகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். காலடியையே முறைத்துப் பார்த்துக்கொண்டு ஓடாமல், எட்டுப் பத்து மீட்டர் தள்ளிப் பார்வையை அலைய விடுங்கள். நிறமும் ஏமாற்றும். விடியலில் சிவப்புப் பூ கறுத்தும் பச்சை இலை வெளுத்தும் தெரிவதைச் செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்து எழுதியிருக்கிறார். நம் சைக்கிள் பாதைகளுக்குச் சிவப்பு பூசுகிறார்கள் அல்லவா? பகலில் எடுப்பாக இருக்கும். விளக்கு எட்டாத திருப்பத்தில் அதே சிவப்பு கறுப்பாகிவிடும், நடைபாதை எங்கே முடிந்தது, சைக்கிள் பாதை எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாது.

காலை வாருகிற சாமான்கள் எல்லாம் முழங்கால் உயரத்துக்குள்தான் இருக்கின்றன. மரவேர் தூக்கிவிட்ட நடைபாதைக் கல், மழையில் வழுக்கும் சாக்கடை இரும்புச் சட்டம், பூங்கா இணைப்புப் பாதை ஆரம்பிக்கும் இடத்தில் வாகனம் நுழையாமல் நட்டிருக்கும் குட்டைக் கம்பம். கம்பத்தை எல்லாரும் பகலில் பார்த்திருப்பார்கள், இருட்டில் முழங்கால்தான் ஞாபகப்படுத்தும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இன்னொன்று உண்டு: கெத்தப்பாங் மரத்தின் காய். நாட்டு வாதுமை என்று ஊரில் சொல்வோமே, அதேதான். ராத்திரியில் வௌவால் வந்து சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போட்டுவிடும். நார் நாராக, இரு பக்கமும் கூராக, பாதையின் நிறத்திலேயே கிடக்கும். நேராக மிதித்தால் ஒன்றும் ஆகாது. பாதத்தின் வெளி ஓரம் அதன்மேல் விழுந்தால் கணுக்கால் சட்டென்று மடங்கும். கடற்கரை ஓட்டக்காரர்கள் கெத்தப்பாங் வரிசை வந்தால் பாதையின் நடுவுக்கு வந்துவிடுவார்கள். மழை பெய்த இரவில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் வேறு ஊர்வலம் போகும். ஒன்றை மிதித்து அந்தச் சத்தத்தைக் கேட்டவர், அடுத்த அரை கிலோமீட்டர் தரையைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார்.

அப்புறம் கயிறுகள். இதை யாரும் எச்சரிப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாயை நடத்திக்கொண்டு வருகிறவர் பாதையின் இடது ஓரம் நிற்பார். நாய் வலது ஓரப் புல்லில் மோந்துகொண்டிருக்கும். நடுவில் இழுத்தால் நீளும் மெல்லிய வார், கறுப்பு நிறத்தில், முழங்கால் உயரத்தில். உங்களுக்குத் தெரிவது ஓர் ஆளும் தனியாக ஒரு நாயும். இரண்டுக்கும் நடுவே தாராளமாக இடம் இருப்பது போல இருக்கும். ஆளையும் நாயையும் எதிரெதிர் ஓரத்தில் பார்த்தால் நடுவில் கயிறு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குரல் கொடுத்துவிட்டு, ஆளின் முதுகுப்பக்கமாகச் சுற்றிப் போங்கள். பிடோக் படகுத்துறைப் பக்கம், நீர்த்தேக்கக் கரை போன்ற இடங்களில் தூண்டில்காரர்கள். அவர்கள் வீசும்போது கோல் பின்பக்கம் வரும், நுனியில் முள் இருக்கும். ஒளிரும் குச்சியைத் தூண்டிலில் மாட்டி வைத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

மோதுகிற ஆபத்துக்கு வருவோம். பலரும் பளபளக்கும் மஞ்சள் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, இனி நாம் தெரிவோம் என்று நினைக்கிறார்கள். அந்த மஞ்சள் மின்னுவது வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரை வாங்கி வெளிச்சமாக மாற்றுவதால். இரவில் அந்தக் கதிர் இல்லை, ஆகவே அது வெறும் வெளிர்நிறச் சட்டைதான். இரவில் வேலை செய்வது பிரதிபலிப்புப் பட்டை. தன்மேல் விழுந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே அது திருப்பி அனுப்பும். கார் ஓட்டுநரின் கண் கார் விளக்குக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அவருக்கு அது பளீரென்று தெரியும். அந்தப் பட்டையை மார்பில் ஒட்டுவதைவிடக் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் கட்டுவது நல்லது. அசைந்து அசைந்து வரும் புள்ளிகளைப் பார்த்ததும் மூளை "மனுஷன் வருகிறான்" என்று கண்டுபிடித்துவிடும். மார்பில் அசையாமல் இருக்கும் பட்டை, ஏதோ சாலைப் பலகை போலத் தோன்றி மறைந்துவிடலாம்.

ஆனால் நம் பூங்கா இணைப்புப் பாதைகளில் கார் இல்லையே. அங்கே வருவது சைக்கிள், மின்ஸ்கூட்டர். எதிரே வருகிறவர் விளக்கே போடாமல் வந்தால் உங்கள் பிரதிபலிப்புப் பட்டைக்குத் திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லை. இருட்டில் சைக்கிளுக்கு முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இருக்க வேண்டும் என்பது சட்டம். எல்லாரும் அப்படியா வருகிறார்கள்? ஆகவே பாதையில் ஓடுகிறவருக்குச் சொந்த வெளிச்சம் வேண்டும். இடுப்பில் செருகும் சின்ன சிமிட்டு விளக்கு போதும், முதுகுப்பக்கம் ஒன்று, முன்பக்கம் ஒன்று. மின்ஸ்கூட்டர்களுக்கு 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் தடை. சைக்கிள் பாதையில் அவை மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகலாம். நடைபாதையில் சைக்கிளுக்கு 10 கிலோமீட்டர்தான் எல்லை. கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் என்று ஓடுகிற நீங்கள் 12 கிலோமீட்டரில் போகிறீர்கள், அதாவது நடைபாதையில் சட்டத்தை மதிக்கிற சைக்கிள்காரரைவிட நீங்கள்தான் வேகம். எதிரே நடந்து வரும் பாட்டிக்கு ஆபத்து நீங்கள்தான் என்பதையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 1 முதல், நடப்பவர்களுக்கு மட்டும் என்று குறித்த பாதையில் சைக்கிளே வரக்கூடாது. பக்கத்தில் அப்படி ஒரு பாதை இருந்தால் அதில் ஓடுங்கள். இடது ஓரமாகவே போங்கள், திடீரென்று திரும்பாதீர்கள். காதில் பாட்டு வேண்டுமானால் ஒரு காதில் மட்டும்.

பின்னால் வண்டி வருவதைக் காதுக்கு முன்னால் உங்கள் நிழல் சொல்லிவிடும், இதைப் பழகிக்கொண்டால் நல்லது. பின்னாலிருந்து விளக்கோடு ஒருவர் நெருங்கும்போது உங்கள் நிழல் முன்னால் நீளமாக விழும். அவர் வலப்பக்கமாகத் தாண்டப் போகிறார் என்றால் நிழல் மெல்ல இடப்பக்கம் சாயத் தொடங்கும். சாயாமல் அப்படியே நேராக நின்று கறுத்துக்கொண்டே வந்தால், அவர் நேரே உங்கள் முதுகைப் பார்த்து வருகிறார், ஓரம் ஒதுங்குங்கள். இதே நிழல்தான் புதிதாக இரவில் ஓடுகிறவர்களைப் பயமுறுத்தவும் செய்யும். விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் காலடியிலிருந்து ஓர் உருவம் கிளம்பி உங்களை முந்திக்கொண்டு ஓடும். இரண்டு விளக்குக்கு நடுவே இரண்டு உருவம். மேம்பாலத்துக்கு அடியில் போனால் உங்கள் காலடிச் சத்தமே சுவரில் பட்டு, யாரோ துரத்தி வருவது போலத் திரும்பும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

வேகத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. பகலில் தூரத்துக் கட்டடம், வானம் எல்லாம் கண்ணில் படும், அவை மெதுவாகத்தான் நகரும். இரவில் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும், அது சர்சரென்று பின்னால் போகும். மூளை இதைப் பார்த்து, பறக்கிறோம் என்று முடிவு கட்டிவிடும். கைக்கடிகாரத்தைப் பார்த்தால் வழக்கமான வேகம்தான் இருக்கும். ஐபிபிடிக்குத் தயாராகிறவருக்கு இது முக்கியம். இருட்டில் உடம்பு சொல்லும் வேகத்தை நம்பிப் பயிற்சி செய்தால் தேர்வு நாளில் பகல் வெளிச்சத்தில் ஏமாந்துபோவீர்கள். வேக ஓட்டத்தை விளக்கு எரியும் விளையாட்டரங்க ஓடுதளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பூங்காப் பாதையில் மெதுவான நீண்ட ஓட்டம் போதும்.

மிருகங்களைப் பற்றித்தான் அம்மா அதிகம் கவலைப்படுவார் என்று நினைக்கிறேன். 2021 நவம்பர் 30ஆம் தேதி பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில், விடிவதற்கு முன் சுமார் இருபது நீர்நாய்கள் மங்கலான பாதையைக் கடந்துகொண்டிருந்தன. நடக்க வந்த ஒருவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கமாக ஓடிவந்த இன்னொருவர் இருட்டில் கூட்டத்தின்மேலேயே போய்விட்டார் என்று நடக்க வந்தவர் பின்னர் சொன்னார். மிரண்ட நீர்நாய்கள் பாய்ந்தன, ஓடியவர் மேல் அல்ல, சும்மா நின்றவர் மேல். சில வினாடியில் இருபதுக்கு மேற்பட்ட கடி. நீர்நாய் இயல்பாக ஆளைத் தேடி வந்து கடிக்கிற பிராணி இல்லை. குட்டிகளோடு போகும் கூட்டத்துக்குள் திடீரென்று ஒரு கால் வந்து விழுந்தால் எந்தப் பிராணியும் அப்படித்தான் செய்யும். காலாங் ஆறு, மரினா பே, பீஷான் பூங்கா, உங்கள் பொங்கோல் பக்கம், எங்கே தண்ணீர் ஓரம் ஓடினாலும் முன்னால் பாதையில் ஏதோ நெளிகிறதென்றால் நின்றுவிடுங்கள். கடந்து போக ஒரு நிமிடம்கூட ஆகாது.

காட்டுப்பன்றி வேறு ரகம். 2021 பிப்ரவரியில் பொங்கோலிலேயே இரவில் ஒன்று புகுந்து ஆட்களைத் தாக்கியது. பார்த்தால் கத்தாதீர்கள், படம் எடுக்கப் பளிச்சென்று விளக்கு அடிக்காதீர்கள், முதுகைக் காட்டி ஓடாதீர்கள். முகத்தை அதன் பக்கம் வைத்துக்கொண்டே மெதுவாகப் பின்வாங்குங்கள். குட்டிகள் தெரிந்தால் இன்னும் தூரம். தெருநாய்க்கும் இதேதான், ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடந்தால் பெரும்பாலும் அதற்கு ஆர்வம் போய்விடும்.

பாம்பு? மலைப்பாம்பு சாக்கடை வழியாக ஊர் முழுக்கப் போய் வருகிறது, விஷம் கிடையாது, தொந்தரவு செய்யாதவரைக்கும் அது பாட்டுக்குப் போகும். விஷத்தைக் கண்ணைப் பார்த்துப் பீச்சுகிற கறுப்பு நாகமும் இங்கே உண்டு. இரவில் பாதையில் கறுப்பாக ஒரு கயிறு கிடந்தால், மிதிக்காமல், தாண்டாமல், விலகிப் போங்கள். காயம்பட்ட பிராணியோ, வீட்டுப் பக்கம் வந்துவிட்ட பாம்போ என்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். இவற்றையெல்லாம்விட உங்களை நிச்சயம் கடிக்கப் போவது கொசுதான். ஓடும்போது கடிக்காது, ஓடி முடித்துப் புல்வெளியில் காலை நீட்டி மடக்கும்போது கடிக்கும். டெங்கிக் கொசு இருக்கிற ஊர், அந்த வேலையை வீட்டில் போய் வைத்துக்கொள்ளுங்கள்.

மெக்ரிட்சி, புக்கிட் தீமா காட்டுப்பாதைகளில் இருட்டில் ஓட ஆசைப்படாதீர்கள். இயற்கை வனப்பகுதிகள் காலை 7 முதல் மாலை 7 வரைதான். கோனி தீவும் அப்படியே, உள்ளே விளக்கே கிடையாது. உண்மையான இருட்டைப் பார்க்க வேண்டுமானால் பழைய ரயில் பாதை இருக்கிறது. 2011 ஜூன் 30இல் கடைசி மலாயா ரயில் போன பிறகு தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் பசுமைப் பாதையாக நமக்குக் கிடைத்தது. அதில் விளக்கில்லாத பகுதிகள் உண்டு. தனியாக வேண்டாம், மூன்று நான்கு பேராகப் போங்கள். அங்கே போனால்தான் ஹெட்லாம்ப் தேவைப்படும். அங்கே இரண்டு சின்னச் சிவப்புத் தணல்கள் தரையோடு தரையாகப் பாதை நடுவில் எரிவதைப் பார்க்கலாம். நெருங்கினால் தணல்கள் சத்தமே இல்லாமல் எழுந்து பறந்துவிடும். அது பக்கிப் பறவை, உங்கள் விளக்கு அதன் கண்ணில் பட்டுத் திரும்புகிறது. அது உட்கார்ந்திருக்கும்போது "டொக், டொக்" என்று மரத்தைத் தட்டுவது போலக் கூப்பிடுவதைக் கேட்டு, ராத்திரியில் யார் ஆணி அடிக்கிறார்கள் என்று யோசித்தவர்கள் உண்டு. புல்லில் பச்சையும் நீலமுமாக ஊசிமுனை அளவு ஒளிப் புள்ளிகள் தெரிந்தால் அவை பனித்துளி இல்லை, சிலந்திக் கண்கள்.

ஹெட்லாம்ப் பற்றி ஒரு நுணுக்கம். விளக்கு நெற்றியில் இருந்தால் அதுவும் கண்ணும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்கின்றன. அதனால் தரையில் இருக்கும் மேடு பள்ளத்தின் நிழல் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் தட்டையாகத் தெரியும். அதே விளக்கை இடுப்பில் கட்டினால் ஒவ்வொரு வேரும் கல்லும் பின்னால் ஒரு நிழலை நீட்டும், உடனே தெரிந்துவிடும். தூறலிலும் மூடுபனியிலும் நெற்றி விளக்கு துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும், பூச்சியும் முகத்துக்கு நேரே வரும். 200 லூமன் வெளிச்சம் இருந்தால் தாராளம். எதிரே ஆள் வந்தால் தலையைத் தாழ்த்துங்கள் அல்லது கையால் மறையுங்கள், இல்லாவிட்டால் அவருடைய கண் திரும்பப் பழகச் சில நிமிடம் ஆகும். செங்காங் ஆற்றோரப் பாதையில் ஓட உங்களுக்கு ஹெட்லாம்ப் தேவையே இல்லை. அந்தக் காசுக்கு இரண்டு சிமிட்டு விளக்கும் கணுக்கால் பட்டையும் வாங்கலாம்.

வானிலையில் மிகவும் கவனிக்க வேண்டியது மின்னல். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பொழுது விடியுமுன் சுமத்ரா பக்கமிருந்து இடிமழை வரிசை கட்டி வரும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும், கிளைகள் முறிந்து விழும். பகலில் மேற்கே கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து ஓடி ஒளியலாம். இருட்டில் மேகம் தெரியாது. மேற்கு வானத்தில் சத்தமில்லாத மின்னல் வெட்டு, பிறகு புழுக்கத்துக்கு நடுவே திடீரென்று சில்லென்ற காற்று, இரண்டும் வந்துவிட்டால் மழைக்கு அதிக நேரம் இல்லை. கடற்கரையையும் தனி மரத்தையும் விட்டு ஏதாவது ஒரு புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போய்விடுங்கள். கிளம்புமுன் சுற்றுப்புற வாரியச் செயலியில் மழை வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கால்வாய் ஓரப் பாதைகள் பாலத்துக்கு அடியில் தாழ்ந்து போகும் இடங்களில் கனமழையில் தண்ணீர் ஏறும். பீஷான் அங் மோ கியோ பூங்காவில் அதற்கென்றே எச்சரிக்கை விளக்கும் சங்கும் வைத்திருக்கிறார்கள். சங்கு ஊதினால் அது உங்களுக்குத்தான்.

வெயில் இல்லை, ஆகவே சூடு தாக்காது என்பதும் தப்புக் கணக்கு. விடியலுக்கு முன் காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும், பிற்பகலில் அது 60 வாக்கில் இறங்கிவிடும். ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. இரவில் நகரத்தின் கான்கிரீட்டும் தாரும் பகலில் குடித்த சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு இதமான காலைதான், ஓடுகிறவருக்கு இல்லை. தலை சுற்றல், புல்லரிப்பு, பேச்சில் குழறல் வந்தால் நின்று நிழலோ வெளிச்சமோ பார்க்காமல் உட்காருங்கள், தண்ணீர் ஊற்றுங்கள், உதவிக்குக் கூப்பிடுங்கள்.

காலையில் ஓடுகிறீர்கள் என்றால் முதல் பத்து நிமிடம் நடங்கள். நாலு ஐந்து மணிக்கு உடம்பின் உள்வெப்பம் நாளிலேயே மிகக் குறைவாக இருக்கும், தசையும் மூட்டும் இறுக்கமாக இருக்கும். கண்ணும் அந்தப் பத்து நிமிடத்தில் வெளியே இருக்கிற வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்ளும். அந்த நேரத்தில் கைபேசியைப் பார்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது. இரவில் ஓடுகிறீர்கள் என்றால், கடும் ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் படுத்தால் தூக்கம் வராமல் போகலாம். எட்டு மணிக்கு வீடு வருகிறவர் ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்வது நல்லது. வயது ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் கண்புரை ஆரம்பித்தவர்களுக்கும் எதிர் விளக்கின் கூச்சம் அதிகம் இருக்கும். உங்களோடு அப்பாவும் ஓட வந்தால் பாதையை அவருடைய கண்ணுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் சீனர்களின் ஏழாம் மாதம் வரும். அப்போது இரவில் புளோக்கு ஓரம், புல்தரை, நடைபாதை விளிம்பு எங்கும் ஊதுபத்தியும் மெழுகுவத்தியும் ஆரஞ்சுப் பழமும் படைத்து வைத்திருப்பார்கள், தாள் எரித்த சாம்பலும் கிடக்கும். இருட்டில் ஓரமாக ஓடுகிறவரின் கால் நேராக அதில்தான் போய் விழும். சுடும் என்பது ஒரு பக்கம். யாரோ தங்கள் முன்னோருக்கு வைத்த படையல் அது, நம் வீட்டுப் படையலை ஒருவர் மிதித்தால் எப்படி இருக்கும்? அந்த மாதம் ஓரத்தை விட்டுப் பாதை நடுவில் ஓடுங்கள். புகை கொஞ்சம் தொண்டையைப் பிடிக்கும்.

இருட்டில் ஓடுவதில் நல்ல ஆச்சரியங்களும் நிறைய. தெம்புசு மரம் பூக்கும் காலத்தில் மாலை மங்கியதும் மணம் கிளம்பும், மரம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரியும். ஐந்தரை மணிக்குக் குயில் கத்த ஆரம்பிக்கும், அடுக்குமாடியில் தூங்குகிறவர்கள் அதைத் திட்டுவார்கள், உங்களுக்கு அது துணை. தூங்குமூஞ்சி மரம் இரவில் இலையை மடக்கிக்கொள்ளும். இங்கே நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்ட சன்டவுன் மாரத்தான் 2008இல் தொடங்கியது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் மாரத்தான் 2019இல் மாலை ஆறு மணிக்கு வைத்தார்கள். இந்தத் தட்பவெப்பத்தில் நீண்ட ஓட்டமென்றால் இருட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு: குற்றம் குறைவான ஊர் என்று சொல்லி அவரை ஏற்க வைக்க முடியாது. குறைவு என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை என்று காவல்துறையே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைவிட, போகும் பாதையை முன்கூட்டியே சொல்லிவிட்டு, வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை ஒரு மணி நேரத்துக்குப் பகிர்ந்துவிட்டுப் போங்கள். எங்கே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அவர் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய சிறு அட்டை ஒன்று பையில் இருக்கட்டும், கூடவே பேருந்து அட்டையும். கணுக்கால் பிசகினால் நொண்டிக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் என்று சொல்லிவிட்டு ஒன்றேகால் மணி நேரம் ஆகும் போலிருந்தால் மறக்காமல் ஒரு செய்தி போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் காலணியை எங்கே வைத்தார்கள் என்று நீங்கள்தான் தேட வேண்டியிருக்கும்.